வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு



1831-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே காந்தப்புலத்தில் கம்பிச் சுருளை அசைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று கண்டுபிடித்தார். அதை நாம் முதலாம் ஆண்டிலேயே படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் "தம்பி, கரண்ட் படிக்கிறியே, வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கணும், எது நல்லதுன்னு பாத்து சொல்லு" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? என்னை என் அப்பா கேட்டார். நான் முழித்தேன். அந்த முழியிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா தென்னை மரம் ஏறுபவர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஏற மரம் இல்லாமல் அப்பா கொத்தனாருக்குக் கையாளாகப் போனார். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி அரை எச்.பி. கிரைண்டர் ஒன்று போட்டு, இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். இன்று நான் கட்டும் கல்லூரிக் கட்டணம் அந்தக் கிரைண்டரில் அரைத்து வந்ததுதான். ஆகவே கரண்ட் போனால் எங்கள் வீட்டில் விளக்கு மட்டும் நிற்பதில்லை. வருமானமும் நின்றுவிடும்.

2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு இருந்ததையும், 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு, திடீர்ப் பழுது, புயல் என்று மூன்று வகையில் கரண்ட் போகத்தான் செய்கிறது. ஆகவே இந்தக் கேள்வி எல்லா வீட்டுக்கும் பொருந்தும்.

கடைக்குப் போய் "நல்ல ஜெனரேட்டர் என்ன விலை?" என்று கேட்பது தவறான முதல் கேள்வி. கணக்கை வீட்டில் தொடங்க வேண்டும்.

1. எது ஓட வேண்டும்?

ஒரு தாளில் வீட்டில் உள்ள மின்சாதனங்களை எல்லாம் எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் இது:

எல்.இ.டி. டியூப் லைட் 2 — 40 வாட்
எல்.இ.டி. பல்பு 2 — 18 வாட்
சீலிங் ஃபேன் 2 — 150 வாட்
செல்போன் சார்ஜர்கள் — 20 வாட்
டி.வி. — 60 வாட்
ஃபிரிட்ஜ் (ஓடும்போது) — 120 வாட்
மிக்ஸி — 500 வாட்
அரை எச்.பி. கிரைண்டர் — 600 வாட்
மொத்தம் — 1508 வாட்

இந்த மொத்தத்தைக் காட்டினால் கடைக்காரர் 3 கே.வி.ஏ.வைக் காட்டுவார். கொஞ்சம் பேச்சுத் திறமை உள்ளவர் என்றால் 5 கே.வி.ஏ.வையே நம் தலையில் கட்டிவிடுவார். ஆனால் நண்பர்களே, கரண்ட் இல்லாத நேரத்தில் டி.வி. அவசியமா? கிரைண்டர் ஓடும்போதே மிக்ஸியும் ஓட வேண்டுமா? இரண்டையும் அடித்துவிட்டால் மீதி 948 வாட்தான். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது ஜெனரேட்டருக்கும் பொருந்தும்.

கிரைண்டர் 600 வாட் என்று எனக்கு எப்படித் தெரியும்? அரை எச்.பி. என்றால் 373 வாட் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 373 என்பது மோட்டாரின் அச்சில் கிடைக்கும் வெளியீடு. நாம் கொடுக்க வேண்டிய உள்ளீடு அதைவிட அதிகம். அதை வீட்டு மீட்டரிலேயே அளக்கலாம். எலக்ட்ரானிக் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கிரைண்டரை மட்டும் அரிசியோடு ஓடவிட்டு, ஒரு நிமிடம் எண்ணினேன். 32 மினுக்கு. அதாவது நிமிடத்துக்கு ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கு. மணிக்கு 0.6 யூனிட். ஆக 600 வாட். காசு செலவில்லாத வாட் மீட்டர் இது! உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள்.

2. வாட் வேறு, வி.ஏ. வேறு

அடுத்து, லேபில் சாரிடம் அனுமதி வாங்கி டாங் டெஸ்டரை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கிரைண்டர் ஓடும்போது 4 ஆம்பியர் காட்டியது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 920 வி.ஏ. ஆனால் மீட்டர் சொன்னது 600 வாட். 600-ஐ 920-ஆல் வகுத்தால் 0.65. இதுதான் நாம் புத்தகத்தில் மனப்பாடம் செய்த பவர் ஃபாக்டர்! அதுவரை எனக்கு அது வெறும் காஸ் தீட்டா. அன்றைக்குத்தான் அது எங்கள் வீட்டு அடுப்படியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

ஜெனரேட்டரின் மேல் ஒட்டியிருக்கும் அளவு பெரும்பாலும் வி.ஏ. அல்லது கே.வி.ஏ.வில் இருக்கும். மோட்டார் உள்ள வீட்டில் வாட்டை மட்டும் கூட்டிவிட்டு "நமக்கு 1 கே.வி.ஏ. போதும்" என்று சொன்னால் ஏமாறுவோம். எங்கள் 948 வாட் சுமையை வி.ஏ.வில் கூட்டினால் சுமார் 1330 வருகிறது.

இன்னொரு எச்சரிக்கை. அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அதிகபட்சம், மற்றது ரேட்டட். அதிகபட்சம் என்பது சில நிமிடங்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கும் எடை. ரேட்டட் என்பது நாள் முழுக்கச் சுமக்கும் எடை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்.

3. ஸ்டார்ட்டிங் கரண்ட் என்ற முரட்டு மாடு

மோட்டார் நிற்கும் நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது, ஓடும்போது எடுப்பதைப்போல நான்கைந்து மடங்கு கரண்ட் இழுக்கும். சுழலாத மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை இல்லை, அதனால் தடுக்க ஆள் இல்லை. எங்கள் கிரைண்டரை ஸ்டார்ட் செய்த கணத்தில் டாங் டெஸ்டரின் முள் 18 ஆம்பியர் பக்கம் துள்ளிவிட்டுத் திரும்பியது. மின்வாரிய லைனுக்கு இது கொசுக்கடி. பின்னால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஆனால் கையால் தூக்கும் ஜெனரேட்டருக்கு இது மூச்சை அடைக்கும் சுமை. வோல்டேஜ் சரியும், என்ஜின் முனகும், சில நேரம் நின்றே போகும்.

எங்கள் ஊர் மைக் செட் அண்ணனிடம் ஒரு 2 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் சோதித்தேன். காலி டிரம்மோடு கிரைண்டரை ஸ்டார்ட் செய்து பிறகு அரிசியைப் போட்டபோது ஓடியது. ஊறிய அரிசி நிறைய இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் திக்கித் திக்கி நின்றுபோனது. இதிலிருந்து இரண்டு பாடம் கிடைத்தது:

அ) மோட்டார் உள்ள வீட்டில், பெரிய மோட்டாரின் ஓடும் வி.ஏ.வைப் போல் குறைந்தது இரண்டரை மடங்காவது ஜெனரேட்டர் இருக்கட்டும். எங்களுக்கு 920-ஐ இரண்டரையால் பெருக்கினால் 2300. ஆகவே 2.5 கே.வி.ஏ. ரகம்.

ஆ) முதலில் பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்ய வேண்டும். அது நிதானமான பிறகு ஃபிரிட்ஜ், கடைசியில் ஃபேன், லைட். வரிசையை மாற்றினால் வோல்டேஜ் சரிவில் மற்ற சாதனங்கள் அடிபடும்.

கிரைண்டரும் பம்பு மோட்டாரும் இல்லாத வீடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. லைட், ஃபேன், டி.வி. மட்டும் என்றால் 1 கே.வி.ஏ.வுக்குக் கீழேயே முடித்துவிடலாம்.

4. எந்த வகை?

சந்தையில் வீட்டு உபயோகத்துக்குப் பொதுவாகக் கிடைப்பவை:

சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர்: இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் என்ஜினும் ஆல்டர்னேட்டரும் இருக்கும். இரண்டு துருவ ஆல்டர்னேட்டர் என்பதால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்க எப்போதும் 3000 ஆர்.பி.எம்.மிலேயே ஓட வேண்டும் (120-ஐ 50-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்துப் பாருங்கள்). சுமை குறைந்தாலும் வேகம் குறையாது. அதனால் சத்தம் அதிகம், பெட்ரோலும் அதிகம். விலை குறைவு.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்: இதில் பிறக்கும் மின்சாரத்தை முதலில் டி.சி.யாக்கி, பிறகு எலக்ட்ரானிக் முறையில் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யாக மாற்றுவார்கள். அதனால் சுமை குறைந்தால் என்ஜின் வேகமும் குறையும். சத்தம் குறைவு, அலை சுத்தம், எடையும் குறைவு. விலைதான் அதே கே.வி.ஏ.வுக்கு இரண்டு மடங்குக்குப் பக்கம் போகும்.

மண்ணெண்ணெய் ஜெனரேட்டர்: பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பழைய மாடல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விலை குறைவு என்று மயங்க வேண்டாம். ரேஷன் மண்ணெண்ணெயை நம்பிக் கணக்குப் போட முடியாது. புகையும் கரியும் கூடுதல்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, நாம் வீட்டு இன்வெர்ட்டர் என்று சொல்லும் பேட்டரிப் பெட்டி. அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, சேமித்து வைத்துக் கொடுக்கிறது. 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் 1800 வாட்-மணி இருக்கிறது. அதில் நாம் பயமில்லாமல் எடுக்கக்கூடியது சுமார் 1100 என்று வையுங்கள். 200 வாட் சுமைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். சத்தம், புகை, பெட்ரோல் எதுவும் இல்லை. கரண்ட் போனால் ஃபேனும் லைட்டும் மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு ஜெனரேட்டரே வேண்டாம், இதுவே சிறந்தது. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் முதலில் யோசிக்க வேண்டியதும் இதைத்தான்.

5. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

ஜெனரேட்டரின் விலையை ஒரு தடவை கொடுக்கிறோம். பெட்ரோலுக்கு ஒவ்வொரு மணியும் கொடுக்கிறோம். இதைச் சோதிக்க வாடகை ஜெனரேட்டரின் டேங்கைக் காலி செய்து, சரியாக ஒரு லிட்டர் ஊற்றி, நிற்கும் வரை நேரம் பார்த்தேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சோதனை, ஃபேனும் லைட்டும் மட்டும், சுமார் 200 வாட்: 1 மணி 50 நிமிடம் ஓடியது. கிடைத்த மின்சாரம் 0.37 யூனிட். ஒரு யூனிட்டின் விலை சுமார் 270 ரூபாய்!

இரண்டாவது சோதனை, கிரைண்டரோடு சேர்த்து சுமார் 700 வாட்: 1 மணி 15 நிமிடம் ஓடியது. கிடைத்தது 0.87 யூனிட். ஒரு யூனிட் சுமார் 115 ரூபாய்.

சுமையை மூன்றரை மடங்கு கூட்டினேன். பெட்ரோல் செலவு மூன்றரை மடங்கு கூடவில்லை, ஒன்றரை மடங்குதான் கூடியது. காரணம், என்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவே பாதி பெட்ரோலைக் குடித்துவிடுகிறது. காலி லாரிக்கும் டீசல் வேண்டும் என்பது போல.

இரவு முழுக்க பத்து மணி நேரம் ஃபேனுக்காக மட்டும் இதை ஓட்டினால் 550 ரூபாய் புகையாகப் போகும். அதையே கிரைண்டர், ஃபிரிட்ஜ், செல்போன், பேட்டரி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் 80 ரூபாயில் வேலை முடியும். ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காமல் இருந்தால் அந்த ஒரு மணி நேரக் குளிர்ச்சி சில மணி நேரம் நிற்கும். ஆகவே ஜெனரேட்டரை நாள் முழுக்க ஓடும் விளக்காக நினைக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போகும் கூலியாளாக நினையுங்கள்.

6. எங்கே வைப்பது?

மேலே உள்ள கணக்கை எல்லாம் நான் அப்பாவிடம் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, அதை எங்க வைப்ப?"

அந்தக் கேள்வி என் கணக்கில் இல்லை.

அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். கஜாவுக்குப் பிறகு எங்கள் ஊருக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிரப்பினார்கள். செல்போன் சார்ஜ் போடக் காசு வாங்கினார்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டதால் நாங்களும் அங்கேதான் படுத்திருந்தோம். மழை தூறியது. நனையக் கூடாது என்று ஜெனரேட்டரைத் தூக்கி முன் கொட்டகைக்குள் வைத்தார்கள். நடு ராத்திரி அப்பாயிக்குத் தலைவலி, வாந்தி. அம்மா எழுந்திருக்கப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னை எழுப்பவே முடியவில்லையாம். அப்பாதான் ஒவ்வொருவராக இழுத்து மழையில் வெளியே கிடத்தினார். ஈரக் காற்று பட்டு அரை மணியில் எல்லோரும் தெளிந்தோம். பசி மயக்கம் என்றார்கள் சிலர். காத்து கருப்பு என்றார்கள் சிலர். அப்பா மட்டும் "அந்த மிசின்தான்" என்றார்.

அது கார்பன் மோனாக்சைடு. பெட்ரோல் முழுமையாக எரியாதபோது உண்டாகும் வாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தூக்கம், மயக்கம். தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடுவார். அப்பாவுக்கு அதன் பெயர் தெரியாது. ஆபத்து தெரிந்திருந்தது. அதனால்தான் இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, இதை மட்டும் மறக்காதீர்கள்:

அ) வீட்டுக்குள், திண்ணையில், கார் ஷெட்டில், மாடிப்படிக்கு அடியில் ஜெனரேட்டரை ஓட்டவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தப்பு.

ஆ) கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வையுங்கள்.

இ) மழைக்கு நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரை போடலாம். சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூடக் கூடாது.

ஈ) யாருக்காவது தலைவலி, குமட்டல் என்றால் முதலில் வெளியே கொண்டுவந்து விடுங்கள். காரணம் அப்புறம் ஆராயலாம். தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

20 அடி இடமே இல்லாத வீடு என்றால்? அந்த வீட்டுக்கு ஏற்ற ஜெனரேட்டர் எந்தக் கடையிலும் இல்லை. பேட்டரி இன்வெர்ட்டர்தான் வழி.

7. வயரின் மறுமுனையில் ஒரு மனிதர்

சிலர் இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் சொருகிவிடுவார்கள். வீடு முழுக்க லைட் எரியும். "எப்படி நம்ம ஐடியா!" என்று பெருமை வேறு. இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

வீட்டு மெயினை நிறுத்த மறந்தால் அந்த மின்சாரம் சர்வீஸ் வயர் வழியாகத் தெருவுக்குப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைப்பது. அதுவே தலைகீழாகக் கொடுத்தால் நம் வீட்டு 230-ஐ ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி லைனில் ஏற்றும். லைன் ஆஃப் என்று நம்பி லைன்மேன் அங்கே கை வைத்திருப்பார். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. அவற்றை நட வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள். இடுப்பளவு சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனவர்களை நான் வரப்பில் நின்று பார்த்தேன். நம் டிப்ளமோ முடித்த அண்ணன்மார்கள் சிலரும் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். நாளை நாமும் இருக்கலாம். நம் வீட்டு ஃபேன் சுற்றுவதற்காக அவர் வீட்டு விளக்கு அணையக் கூடாது.

வழி சுலபம். இரட்டைத் துருவ சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் ஒன்றை மெயின் போர்டில் வையுங்கள். மேலே தள்ளினால் மின்வாரியம், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் பிரிப்பதாக இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு போடுங்கள். ஜெனரேட்டரின் உடலுக்கு எர்த் கொடுங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், வழியில் ஒட்டுப் போடாமல் இருக்கட்டும். இந்தச் செலவையும் ஜெனரேட்டர் விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

8. கடையில் கேட்க வேண்டியவை

ரேட்டட் எவ்வளவு? ஆல்டர்னேட்டர் சுற்று தாமிரமா, அலுமினியமா? வோல்டேஜைத் தானே சீர் செய்யும் ஏ.வி.ஆர். உண்டா? ஆயில் குறைந்தால் தானே நிற்கும் வசதி உண்டா? கயிறு, பிளக், ஏர் ஃபில்டர் பக்கத்து டவுனில் கிடைக்குமா? சர்வீஸுக்கு யார் வருவார்கள்? இதற்கெல்லாம் பதில் வாங்கிய பிறகு விலையைக் கேளுங்கள். பழைய ஜெனரேட்டர் என்றால் சுமை போட்டு அரை மணி ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். வெறுமனே ஓடும்போது எல்லா ஜெனரேட்டரும் நல்ல ஜெனரேட்டர்தான்.

வாங்கிய பிறகு: முதல் 20 மணி நேர ஓட்டத்தில் ஆயில் மாற்றுங்கள். அப்புறம் கையேடு சொல்கிறபடி. மாதம் ஒரு தடவை சுமையோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். நாள்கணக்கில் ஓட்டாமல் வைக்கும்போது டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

9. எங்கள் வீட்டு முடிவு

எல்லாம் படித்துவிட்டு நான் சொன்ன முதல் தீர்ப்பு, "ஜெனரேட்டர் வேண்டாம்" என்பதுதான்! ஏனென்றால் ஆறு மாதம் அம்மாவைக் காலண்டரில் குறிக்கச் சொன்னேன். அரைப்பு கெட்ட நாள் 14. அதில் 9 நாள் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்த மின்தடை. காலை 9 மணிக்குத்தானே நிறுத்துகிறார்கள்? முதல் நாளே பேப்பரைப் பார்த்து, அரிசியைச் சீக்கிரம் ஊறப்போட்டு, விடியற்காலை 5 மணிக்கு அரைத்துவிட்டால் தீர்ந்தது. மீதி 5 நாளில் 3 நாள் இரண்டு மணி நேரத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது. ஆக, ஜெனரேட்டர் நிஜமாகத் தேவைப்பட்டது ஆறு மாதத்தில் 2 நாள். அதற்காக அம்மா குழுக் கடன் வாங்குவதா? வேண்டும் என்றால் மைக் செட் அண்ணனிடம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

அப்பா சிரித்தார். "புயல் அடிச்சா ஊரே அவர் வீட்டு வாசல்லதான் நிக்கும். அன்னைக்கு உனக்கு முந்திக் குடுப்பாரா?" என்றார். கஜாவில் வரிசையில் நின்றவர் அவர். என் கணக்கு சாதாரண நாளுக்கு. அவர் கணக்கு கெட்ட நாளுக்கு. இரண்டும் தேவைதான்.

கடைசியில் பெரியப்பா வீடு, பக்கத்து வீட்டு அத்தை வீடு, எங்கள் வீடு மூன்றும் சேர்ந்தோம். 2.5 கே.வி.ஏ. சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர் 39,000 ரூபாய், வீட்டுக்கு 13,000. மூன்று வீட்டுக்கும் பொதுவான களத்தில், எல்லா வீட்டிலிருந்தும் 20 அடிக்கு மேல் தள்ளி, திறந்த தகரக் கூரையின் கீழ் நிற்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் சேஞ்ச் ஓவர். ஒரு நேரத்தில் ஒரு வீடு, ஆளுக்கு ஒரு மணி நேரம். எங்கள் முறையில் அம்மா அரைப்பார். அத்தை முறையில் தண்ணீர் மோட்டார். பெரியப்பா முறையில் பேட்டரி சார்ஜ். நிறைந்த சுமையில் ஒரு மணி நேரம்தான் பெட்ரோலுக்கும் லாபம் என்று முன்பே பார்த்தோம் அல்லவா? பகிர்ந்துகொள்வதும் அதே கணக்கில்தான் பொருந்தி வந்தது.

முடிவுரை

எது ஓட வேண்டும், எப்படி ஸ்டார்ட் ஆகும், மணிக்கு எவ்வளவு குடிக்கும், எங்கே நிற்கும், எதில் சேரும். இந்த ஐந்துக்கும் விடை எழுதிய தாளோடு கடைக்குப் போங்கள். விடை சில வீட்டுக்கு 2.5 கே.வி.ஏ., சில வீட்டுக்குப் பேட்டரி, சில வீட்டுக்கு ஒன்றுமே வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். அதுவும் நல்ல விடைதான்.

நம்மில் பலர் வீட்டில் முதலாகப் படிக்க வந்தவர்கள். வீட்டில் நம்மைக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நமக்குத் தெரிந்ததைச் சொல்வோம். அதோடு அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வியையும் காது கொடுத்துக் கேட்போம். என் கணக்கில் விடுபட்ட முக்கியமான வரியை எழுதியது பாலிடெக்னிக் பக்கமே வராத என் அப்பா.

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு